போதும் என்று யார் சொல்வது?

இரவு இரண்டு மணிக்குக் குழந்தை சிணுங்குகிறது. தாய் எழுந்து சாய்ந்து உட்கார்ந்து பால் கொடுக்கத் தொடங்குகிறாள். ஒரு கை குழந்தையைத் தாங்கியிருக்க, மறு கை தானாகவே கைபேசியைத் தேடுகிறது. இருபது நிமிடம் கழித்துக் குழந்தை வாயை விலக்கிக்கொள்கிறது. இறுக மூடியிருந்த கைவிரல்கள் விரிகின்றன, தூங்கிவிடுகிறது. தாயின் கட்டைவிரல் மட்டும் இன்னும் திரையை மேலே தள்ளிக்கொண்டிருக்கிறது. ஒரே நாற்காலியில் இரண்டு பந்தி நடந்திருக்கிறது. ஒன்று முடிந்துவிட்டது, இன்னொன்று முடியவில்லை.

தாயைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் கண் விழித்திருக்க அவளுக்கும் ஏதாவது துணை வேண்டும். என் கவனம் அந்த இரண்டு பந்திகளின் மேல்தான். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர், ஃபீட். குழந்தைக்குப் பால் கொடுப்பதும் ஃபீட், மாட்டுக்கு வைக்கும் தீவனமும் ஃபீட், அச்சு இயந்திரம் தாளை உள்ளே இழுத்துக்கொள்வதும் ஃபீட், கைபேசியில் ஓடிக்கொண்டே இருப்பதும் ஃபீட்.

தமிழ் இந்த இடத்தில் சிக்கனம் பார்க்கவில்லை. குழந்தைக்கு ஊட்டுகிறோம். கோழிக்குத் தீனி போடுகிறோம், பறவை தன் குஞ்சுக்கு இரை கொண்டு வருகிறது, மாட்டுக்குத் தீவனம் வைக்கிறோம். வேளை கெட்ட வேளையில் நாமே கொறித்தால் அது நொறுக்குத் தீனி. அந்தப் பெயரிலேயே கொஞ்சம் இளக்காரம் ஒட்டியிருக்கிறது. இவற்றில் 'ஊட்டு' தனித்து நிற்கிறது. உண் என்பதன் பிறவினை அது. ஊட்டுபவர் ஒருவர், உண்பவர் இன்னொருவர். கை எவ்வளவு அன்போடு நீண்டாலும் விழுங்குவது எதிரில் இருப்பவரின் வேலை. அவர் வாயை மூடிக்கொண்டால் ஊட்டல் அங்கேயே நின்றுவிடும்.

இணையத்துக்கு வந்தபோது கலைச்சொல் ஆக்கியவர்கள் ஐந்தாவதாக ஒரு சொல்லைப் பிடித்தார்கள்: ஓடை. செய்தியோடை என்று அன்றைய வலைப்பதிவர்கள் எழுதினார்கள். இன்று பெரும்பாலோர் ஃபீட் என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால் அந்தப் பழைய சொல் தான் பிறந்த காலத்துக்கு மிகச் சரியாகப் பொருந்தியிருந்தது. ஓடை அதுபாட்டுக்கு ஓடும். தாகம் எடுத்தவர் போய் அள்ளிக் குடிப்பார். ஓடை யார் பின்னாலும் வராது.

1999 மார்ச்சில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் ராமநாதன் குஹாவும் டான் லிப்பியும் உருவாக்கிய ஆர்.எஸ்.எஸ். என்ற நுட்பம் அப்படித்தான் இயங்கியது. ஒரு தளம் தன் புதிய பதிவுகளின் தலைப்பையும் சுட்டியையும் ஒரு சிறு கோப்பில் எழுதி வைக்கும். வாசகரின் கணினியில் இருக்கும் படிப்பான் அவர் கொடுத்த பட்டியலில் உள்ள தளங்களுக்கெல்லாம் போய் அந்தக் கோப்புகளை எடுத்துவந்து, நேர வரிசையில் அடுக்கும். யாரைப் படிப்பது என்பதை வாசகரே முடிவு செய்திருப்பார். எல்லாவற்றையும் படித்துவிட்டால் 'புதிதாக எதுவும் இல்லை' என்று திரை சொல்லும். அந்தப் படிப்பான்களில் பெயர்பெற்ற கூகுள் ரீடர் 2005-இல் வந்து 2013 ஜூலையில் மூடப்பட்டது. அதை இழந்து புலம்பியவர்கள் இன்றும் இருக்கிறார்கள்; நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். ஒரு நாளின் வாசிப்பு முடிந்துவிட்டது என்று இயந்திரமே சொன்ன காலம் அது.

அதற்குள் வேறொன்று தொடங்கியிருந்தது. 2006 செப்டம்பரில் ஃபேஸ்புக் 'நியூஸ் ஃபீட்' என்ற பகுதியைத் திறந்தது. அதுவரை நண்பர் ஒருவர் என்ன செய்கிறார் என்று பார்க்க அவருடைய பக்கத்துக்குப் போக வேண்டும். இப்போது எல்லோருடைய அசைவுகளும் ஒரே இடத்தில் தாமாக வந்து விழுந்தன. பயனர்கள் கொதித்தார்கள். இது வேவு பார்ப்பது என்றார்கள். எதிர்ப்புக் குழுக்களில் லட்சக்கணக்கானோர் சேர்ந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்தக் குழுக்களைப் பற்றிய தகவலே நியூஸ் ஃபீட் வழியாகத்தான் பரவியது. திட்டிக்கொண்டே முன்பைவிட அதிகமாகப் பார்த்தார்கள். நிறுவனம் சில கட்டுப்பாடுகளைச் சேர்த்துக் கொடுத்துவிட்டு ஃபீடை அப்படியே வைத்துக்கொண்டது. வாய் சொல்வதை விட்டுவிட்டு விரல் செய்வதை நம்பு என்ற பாடத்தை இந்தத் தொழில் அன்று கற்றுக்கொண்டது என்றே நினைக்கிறேன்.

அதே 2006-இல் ஏசா ராஸ்கின் என்ற வடிவமைப்பாளர் முடிவில்லாமல் நீளும் பக்கத்தை உருவாக்கினார். பக்கத்தின் அடியில் 'அடுத்து' என்ற பொத்தான் இருக்கும்போது வாசகர் ஒரு நொடி நின்று, போகலாமா வேண்டாமா என்று யோசிப்பார். அந்த நொடியை அவர் எடுத்துவிட்டார். பிற்காலத்தில் அதற்காகப் பகிரங்கமாக வருந்தவும் செய்தார். 2009-இல் லோரன் பிரிக்டர் தன் ட்விட்டர் செயலியில் திரையைக் கீழே இழுத்துவிட்டால் புதியது வரும்படி செய்தார். இழுத்தால் சில சமயம் வரும், சில சமயம் வராது. எப்போது தானியம் விழும் என்று தெரியாத புறா, ஒவ்வொரு கொத்துக்கும் தானியம் பெறும் புறாவைவிட விடாப்பிடியாகப் பொத்தானைக் கொத்தும் என்று உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் பல பத்தாண்டுகளுக்கு முன்பே ஆய்வுக்கூடத்தில் காட்டியிருந்தார்.

இந்த இடத்தில் எழுதுபவர்கள் பலரும் ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து வைப்பார்கள். 2005-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மேசைக்கு அடியிலிருந்து தெரியாமல் நிரம்பிக்கொண்டே இருக்கும் கிண்ணத்தில் சூப் குடித்தவர்கள் மற்றவர்களைவிட 73 சதவீதம் அதிகம் குடித்தார்கள், ஆனால் அதிகம் குடித்ததாக உணரவே இல்லை. ஃபீடுக்கு இதைவிடப் பொருத்தமான உவமை கிடைக்காது. சிக்கல் என்னவென்றால், அந்த ஆய்வை நடத்திய பிரையன் வான்சிங்கின் பத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் பின்னாளில் திரும்பப் பெறப்பட்டன. பல்கலைக்கழகப் பதவியையும் அவர் விட வேண்டியதாயிற்று. ஆகவே அந்தக் கிண்ணத்தின் மேல் நான் எடை வைக்க மாட்டேன். அது இல்லாமலே நம்மிடம் போதுமான சான்று இருக்கிறது.

ஓடை எப்போது தீனியானது என்று ஒரு நாளைக் குறித்துச் சொல்ல முடியாது. ஆனால் 2016 ஒரு திருப்பம். ட்விட்டரும் இன்ஸ்டாகிராமும் அந்த ஆண்டில் நேர வரிசையைக் கைவிட்டு, பயனருக்குப் பிடிக்கும் என்று தாங்கள் கணித்ததை மேலே வைக்கத் தொடங்கின. ஃபேஸ்புக் அதை ஏற்கெனவே செய்துகொண்டிருந்தது. பிறகு வந்த டிக்டாக் இன்னொரு படி தாண்டியது. யாரையும் பின்தொடராமலே அதன் ஃபீட் நிரம்பும். எந்தக் காணொளியில் எத்தனை நொடி நின்றீர்கள், எதை மறுபடி பார்த்தீர்கள், எதைப் பாதியில் தள்ளினீர்கள் என்பதே அதற்குப் போதும்.

உள்ளே நடப்பதை எளிமையாக இப்படிச் சொல்லலாம். நீங்கள் செயலியைத் திறந்ததும், காட்டத் தகுந்த பதிவுகள் முதலில் திரட்டப்படுகின்றன. ஒவ்வொன்றைப் பற்றியும் சில கேள்விகளுக்கு இயந்திரம் கணிப்புச் சொல்கிறது: இவர் இதற்கு லைக் போடுவாரா, கருத்து எழுதுவாரா, பகிர்வாரா, கடைசிவரை பார்ப்பாரா? ஒவ்வொரு கணிப்புக்கும் ஓர் எடை உண்டு. பெருக்கிக் கூட்டி, அதிக மதிப்பெண் பெற்றதை மேலே வைக்கிறது. இதில் இயந்திரம் செய்வது கணிப்பு மட்டும். எடையை நிர்ணயிப்பது மனிதர்கள். சூட்சுமம் முழுக்க அங்கேதான்.

அந்த எடைகள் பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை. 2021-இல் ஃபேஸ்புக்கின் முன்னாள் ஊழியர் பிரான்சஸ் ஹாகன் வெளிக்கொணர்ந்த உள் ஆவணங்களால் ஓர் எடை தெரியவந்தது. லைக் பொத்தானுக்குத் துணையாக வந்த அன்பு, சிரிப்பு, வியப்பு, சோகம், கோபம் ஆகிய முகக்குறிகளுக்கு 2017-இல் ஒரு லைக்கைப் போல ஐந்து மடங்கு எடை கொடுக்கப்பட்டிருந்தது. ஒருவரை ஆத்திரப்படுத்திய பதிவு, அவருக்கு வெறுமனே பிடித்த பதிவைவிட ஐந்து மடங்கு உயர்ந்த சரக்காக எண்ணப்பட்டது. கோபம் வாங்கும் பதிவுகளில் பொய்யும் வசையும் அதிகம் என்று நிறுவனத்தின் ஆய்வாளர்களே கண்டு சொன்ன பிறகு, கோபக் குறியின் எடை படிப்படியாகக் குறைக்கப்பட்டு 2020 செப்டம்பரில் சுழியமானது. மூன்று ஆண்டுகளுக்கு, கோடிக்கணக்கானவர்களின் வாயில் என்ன போய் விழுந்தது என்பதை ஐந்தில் தொடங்கிய ஓர் எண் தீர்மானித்திருக்கிறது. வெறும் வாயை மெல்பவனுக்கு அவலை யாரோ எடை போட்டு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

இதை நான் தீனி என்று சொல்வது வசை அல்ல. தீனி போடுவதற்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. கறிக்கோழி வளர்ப்பவர்களைக் கேட்டால் தீவன மாற்றுத் திறன் என்பார்கள். ஒரு கிலோ எடை ஏறக் கோழி எத்தனை கிலோ தீவனம் தின்கிறது என்ற கணக்கு அது. இன்றைய கறிக்கோழி இனங்களில் அது இரண்டு கிலோவுக்கும் கீழே வந்துவிட்டது. தீனி நல்ல தரமானதாகவே இருக்கும். புரதம், தாதுக்கள், உயிர்ச்சத்துகள் எல்லாம் அளந்து கலந்திருப்பார்கள். ஆனால் கோழி எவ்வளவு தின்ன வேண்டும் என்பதைக் கோழியின் பசி தீர்மானிப்பதில்லை, சந்தை எடை தீர்மானிக்கிறது. இருட்டினால் கோழி தின்னாமல் உறங்கிவிடும் என்பதால், கொட்டகையில் நாளுக்கு 23 மணி நேரம் விளக்கு எரிய விடுவது நெடுங்கால வழக்கமாக இருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2007-இல் கொண்டுவந்த விதி, ஒரு நாளில் ஆறு மணி நேர இருட்டாவது வேண்டும், அதில் நான்கு மணி நேரமாவது இடைவிடாமல் இருக்க வேண்டும் என்கிறது. படுக்கையில் ஒளிரும் திரையை நினைத்துக்கொண்டே அந்த விதியைப் படித்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கோழி அந்தத் தொழிலின் வாடிக்கையாளர் அல்ல. சமூக ஊடகத்தின் வாடிக்கையாளர் விளம்பரம் தருபவர். எடை என்பது நாம் செலவழிக்கும் நிமிடம். உவமை இதற்கு மேல் ஓடாது என்பதும் உண்மைதான். கோழிக்குக் கொட்டகையை விட்டுப் போக வழியில்லை, நமக்கு இருக்கிறது. அந்தத் தீனியிலும் சத்து உண்டு. தொலைவில் இருக்கும் உறவினரின் முகம், அரிய நோயோடு போராடுபவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் அனுபவம், எந்த நாளிதழும் தொடாத செய்தி எல்லாம் அதில் வருகின்றன. வயிற்றுக்கு மட்டுமல்ல, செவிக்கும் உணவு உண்டு என்று சொல்லிப் பழகிய மொழியில் இருந்துகொண்டு அதை மறுக்க முடியாது.

இனி அந்த நாற்காலியின் மறுபக்கத்துக்கு, குழந்தையிடம் வருவோம்.

பிறந்த குழந்தைக்குப் பேச்சு இல்லையே தவிர, பசியைச் சொல்ல ஒரு முழு மொழியே இருக்கிறது. கன்னத்தைத் தொட்டால் தொட்ட பக்கம் திரும்பி வாயைத் திறக்கும். உதட்டைச் சப்புக்கொட்டும், கையை வாய்க்குக் கொண்டுபோகும், தலையை இப்படியும் அப்படியும் ஆட்டித் தேடும். அழுகை இவற்றுக்கெல்லாம் பிறகு வருவது. பொறுமை தீர்ந்த குழந்தையின் கடைசி அறிவிப்பு. வீறிட்டு அழும் குழந்தை மார்பைச் சரியாகப் பற்றுவதும் கடினம். போதும் என்பதற்கும் அதேபோல் குறிகள் உண்டு. உறிஞ்சும் வேகம் குறையும், கைவிரல்கள் தளரும், வாய் தானாக விலகும், தலை மறுபக்கம் திரும்பும்.

இந்த உரையாடல் தாயின் உடம்புக்குள்ளும் நடக்கிறது. குழந்தை உறிஞ்சும்போது ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் சுரந்து, தேங்கியிருக்கும் பாலை வெளியே தள்ளுகிறது. புரோலாக்டின் என்ற இன்னொரு ஹார்மோன் பாலைச் சுரக்கச் செய்கிறது. இரவில் அதன் அளவு கூடுதல். மார்பில் பால் தேங்கினால் சுரப்பு குறையும், காலியானால் கூடும். அதாவது குழந்தை இன்று குடிப்பதை வைத்துத்தான் நாளைய பால் தீர்மானமாகிறது. ஒரே முறை பால் கொடுக்கும்போதும் தொடக்கத்தில் வரும் பாலைவிடக் கடைசியில் வருவதில் கொழுப்பு அதிகம். கடிகாரம் பார்த்துப் பாதியில் மாற்றிவிட்டால் அந்தக் கடைசிப் பங்கு கிடைக்காமல் போகலாம். குழந்தையே விடும்வரை விடுங்கள் என்று செவிலியர் சொல்வதன் பொருள் இதுதான்.

பிறந்த முதல் வாரங்களில் ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை பால் கொடுக்க நேரும். சில மாலைகளில் அரை மணிக்கு ஒருமுறை கேட்கும். அப்போதுதான் தாய்க்குச் சந்தேகம் வருகிறது: பால் போதவில்லையோ? தாய்ப்பாலைச் சீக்கிரம் நிறுத்துவதற்குப் பெண்கள் சொல்லும் காரணங்களில் இதற்குப் பெரிய இடம் உண்டு. உண்மையில் பால் சுரப்பே போதாத தாய்மார்கள் அவர்களில் சிலர்தான். அடிக்கடி கேட்பது போதாமைக்கு அடையாளம் அல்ல. முதல் வாரம் கழிந்த பிறகு நாளுக்கு ஆறு முறையாவது சிறுநீர் போகிறதா, பிறந்த சில நாட்களில் இறங்கிய எடை இரண்டு வாரத்துக்குள் திரும்ப வந்துவிட்டதா என்று பார்ப்பது நம்பத் தகுந்த வழி. எடை திரும்பாத குழந்தைக்கும், பால் தேடவே எழாமல் தூங்கிக்கொண்டே இருக்கும் குழந்தைக்கும் மருத்துவர் வேண்டும். குழந்தை கேட்கும்போது கொடுங்கள் என்ற அறிவுரை அங்கே பொருந்தாது.

குழந்தையின் குறியை நம்பாமல் கடிகாரத்தை நம்பிய காலம் ஒன்று இருந்தது. நியூசிலாந்தில் 1907-இல் பிளங்கெட் சங்கத்தைத் தொடங்கிய மருத்துவர் ட்ரூபி கிங், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை பால், இரவில் பால் இல்லை என்ற ஒழுங்கைப் பரப்பினார். அழுதால் அழட்டும். ஒழுங்கில் வளரும் குழந்தையே நல்ல குடிமகனாகும் என்பது அவர் எண்ணம். அவருடைய சங்கம் சிசு மரணத்தைக் குறைக்க உழைத்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இப்படிப்பட்டவர்களை முழு வில்லனாக்குவது சுலபம், நியாயம் ஆகாது. இன்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது நேர் எதிரானது: பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பால், முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், குழந்தை கேட்கும்போதெல்லாம், இரவிலும் பகலிலும். ஆறு மாதத்துக்குப் பிறகு மற்ற உணவுகளோடு இரண்டு வயது வரையும் அதற்கு மேலும்.

புட்டி வந்தபோது ஊட்டலில் நுணுக்கமான மாற்றம் ஒன்று நேர்ந்தது. மார்பில் எவ்வளவு மிச்சம் என்று யாருக்கும் தெரியாது. புட்டியில் தெரியும், பக்கவாட்டில் அளவுக் கோடுகளும் இருக்கும். குழந்தை தலையைத் திருப்பிய பிறகும் 'இன்னும் கொஞ்சம்தானே' என்று கை நீள்கிறது. கண் குழந்தையின் முகத்தை விட்டுக் கோட்டுக்குப் போய்விடுகிறது. புட்டிப்பால் கொடுத்தே தீர வேண்டிய நிலையில் இருக்கும் பெற்றோருக்கு மருத்துவர்கள் சொல்லும் உபாயம் எளியது: குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, புட்டியைக் கிடைமட்டமாக வைத்து, நடுநடுவே நிறுத்தி, அது விலகினால் மிச்சத்தைக் கொட்டிவிடுவது. கொட்ட மனம் வராதுதான்.

பால் பவுடர் விற்றவர்களின் கதையில் சமூக ஊடகத்தின் முன்கதையும் இருக்கிறது. தாய்ப்பாலுக்கு மாற்றான உணவை ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் 1860-களில் விற்பனைக்குக் கொண்டுவந்தார்; ஹென்றி நெஸ்லேயின் தயாரிப்பு 1867-இல் வந்தது. தாய்ப்பால் கிட்டாத குழந்தைகளுக்கு அது உயிர்காக்கும் பொருளாகவும் இருந்திருக்கிறது. ஆனால் சுத்தமான தண்ணீர் இல்லாத நாடுகளிலும் இலவச மாதிரிகளோடு அதைப் பரப்பிய விதம் கண்டனத்துக்கு உள்ளாகி, 1977-இல் நெஸ்லேயைப் புறக்கணிக்கும் இயக்கம் தொடங்கியது. இலவசப் பவுடர் தீரும்போது தாயின் பால் சுரப்பும் குறைந்திருக்கும். அந்த வணிக முறையின் கொடுமை இதில்தான் இருந்தது. 1981-இல் உலக சுகாதாரப் பேரவை விற்பனை நெறிமுறை ஒன்றை ஏற்றது. 118 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்து வாக்களித்த ஒரே நாடு அமெரிக்கா. பொதுமக்களுக்கு விளம்பரம் கூடாது, இலவச மாதிரி கூடாது என்கிறது நெறிமுறை.

நாற்பது ஆண்டு கழித்து இரண்டு ஃபீடுகளும் ஒன்றாயின. 2022-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஆய்வின்படி, அது கவனித்த பால் பவுடர் பிராண்டுகளின் சமூக ஊடகக் கணக்குகள் நாளுக்குச் சுமார் 90 பதிவுகள் இட்டு, 22.9 கோடிப் பயனர்களைச் சென்றடைந்தன. அந்தப் பதிவுகளில் பல, விளம்பரம் என்று அடையாளம் காண முடியாதவை: தாய்மார் குழுக்கள், ஆலோசனைச் சேவைகள், பெயர்பெற்றவர்களின் சொந்த அனுபவம் போன்ற தோற்றத்தில் வந்தவை. இரவு இரண்டு மணிக்கு 'பால் போதவில்லை' என்று தேடிய தாய்க்கு அடுத்த பதிவாக என்ன வந்திருக்கும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை.

குழந்தைக்குத் திட உணவு தொடங்கும் கட்டத்தில் வீடுகளில் ஒரு சிறு யுத்தம் நடக்கும். அதைப் பற்றி அமெரிக்க ஊட்டச்சத்து வல்லுநர் எலின் சாட்டர் வகுத்த வேலைப் பிரிவினை எனக்கு மிகவும் பிடிக்கும். என்ன, எப்போது, எங்கே என்பது பெற்றோரின் பொறுப்பு. உண்பதா வேண்டாமா, எவ்வளவு என்பது குழந்தையின் பொறுப்பு. ஒருவர் மற்றவரின் வேலையில் தலையிட்டால் தகராறு. இதே அளவுகோலைக் கைபேசியில் வைத்துப் பார்த்தேன். என்ன என்பதை அது தீர்மானிக்கிறது. எப்போது என்பதை அதன் அறிவிப்பு மணி தீர்மானிக்கிறது. எவ்வளவு என்பதற்கு அடி இல்லாத பக்கம் இருக்கிறது. நமக்கு மிஞ்சியது எங்கே என்பது மட்டும்: படுக்கையிலா, கழிப்பறையிலா.

நான் விரும்பித் தேர்ந்தெடுத்ததைத்தானே அது காட்டுகிறது என்று கேட்கலாம். அதற்குப் பதில் தேடப் போனால், கிளாரா டேவிஸ் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவரின் பரிசோதனைக்கு வந்து சேர வேண்டும். 1920-களின் பிற்பகுதியில் தொடங்கிப் பல ஆண்டுகள் நடந்தது. தாய்ப்பால் நிறுத்தப்பட்ட, வேறு உணவை அறியாத பதினைந்து குழந்தைகள். தானியம், காய், பழம், முட்டை, இறைச்சி, பால் என முப்பதுக்கும் மேற்பட்ட வகை உணவுகள் தயார். ஒவ்வொரு வேளையும் சில வகைகள் தட்டில் வைக்கப்படும். செவிலி கையில் கரண்டியோடு அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். குழந்தை ஒரு கிண்ணத்தை நோக்கிக் கை நீட்டினால் மட்டும் அதிலிருந்து ஒரு கரண்டி எடுக்கலாம். அது வாயைத் திறந்தால் மட்டும் ஊட்டலாம். எதையும் பரிந்துரைக்கக் கூடாது. முகம் சுளிக்கக் கூடாது.

குழந்தைகள் பெரியவர்கள் கனவிலும் நினைக்காத சேர்க்கைகளை உண்டார்கள். ஒரு வேளை ஆரஞ்சுச் சாறும் ஈரலும், இன்னொரு வேளை பல முட்டைகளும் வாழைப்பழமும் பாலும். இருவர் தேர்வு ஒரேபோல் இருந்ததில்லை. ஆனாலும் எல்லோரும் நன்றாக வளர்ந்தார்கள். ரிக்கெட்ஸ் என்ற எலும்பு மெலிவு நோயோடு வந்த ஒரு குழந்தையின் தட்டில் மீன் எண்ணெயும் வைக்கப்பட்டது. நோய் தீரும்வரை அது தானாகக் குடித்தது, பிறகு விட்டுவிட்டது.

உடம்புக்கு எது வேண்டும் என்று உடம்புக்கே தெரியும் என்பதற்கு இந்த ஆய்வை மேற்கோள் காட்டாதவர் இல்லை. டேவிஸ் அப்படிச் சொல்லவில்லை. 1939-இல் முடிவுகளைத் தொகுத்து வெளியிட்டபோது, சூட்சுமம் உணவுப் பட்டியலில்தான் இருக்கிறது என்று அவரே சொன்னார். சர்க்கரை இல்லை, தீட்டிய மாவு இல்லை, டப்பாவில் அடைத்தது எதுவும் இல்லை. எதைத் தேர்ந்தாலும் கெடாதபடி பட்டியல் அமைந்திருந்தது. பதப்படுத்திய உணவுகளையும் சேர்த்து வைத்தால் குழந்தைகள் என்ன செய்வார்கள் என்று அடுத்த பரிசோதனையில் பார்க்க விரும்பினார். பொருளாதாரப் பெருமந்தம் வந்து பணம் நின்றுவிட்டது. அந்த இரண்டாவது பரிசோதனை நடக்கவே இல்லை. நமக்கெல்லாம் இப்போது அதுதான் நடந்துகொண்டிருக்கிறது என்று யாராவது சொன்னால் மறுத்துப் பேச என்னிடம் வாதம் இல்லை.

பட்டியலைப் போடுபவர் தட்டை மாற்றிப் பார்த்ததும் உண்டு. 2012 ஜனவரியில் ஒரு வாரம், 6,89,003 ஃபேஸ்புக் பயனர்களின் ஃபீடில் மகிழ்ச்சியான பதிவுகளோ வருத்தமான பதிவுகளோ குறைக்கப்பட்டன. அதற்கேற்ப அவர்கள் எழுதுவது மாறுகிறதா என்று அளந்தார்கள். 2014-இல் ஆய்வாக வெளிவந்தபோதுதான் உலகுக்குத் தெரிந்தது. கண்ட விளைவு மிக மிகச் சிறியது. கேட்காமல் செய்தார்கள் என்பதே பெரிய விவகாரமாயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம், பயனரின் நடத்தையைக் கணிக்காத ஒரு ஃபீடையும் தெரிவாகத் தர வேண்டும் என்று மிகப் பெரிய தளங்களை 2023 முதல் கட்டாயப்படுத்துகிறது. அமைப்புகளின் ஆழத்தில் எங்கோ அந்தப் பொத்தான் இருக்கும். தேடிப் போய் அழுத்துபவர்கள் குறைவு என்பது என் ஊகம். ஓடைக்கு நடந்துபோகும் பழக்கம் விட்டுப்போயிற்று.

2014-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில், குழந்தை மருத்துவர் ஜென்னி ரடெஸ்கியும் குழுவினரும் துரித உணவகங்களில் சிறு குழந்தைகளோடு உண்ண வந்த 55 பெரியவர்களை மறைவாகக் கவனித்தார்கள். 40 பேர் கைபேசியை எடுத்தார்கள். அதில் மூழ்கியவர்களின் குழந்தைகளில் சில, கவனத்தை ஈர்க்க விதவிதமாக முயன்றன. சில, தம்பாட்டுக்கு உண்டன. இதன் மறுபக்கம்தான் இன்னும் கவலை தருகிறது. குழந்தையின் முன் காணொளியை ஓடவிட்டு, அது வாய் பிளந்து பார்க்கும் நேரத்தில் கரண்டியை நுழைத்துவிடுவது. வேலை சீக்கிரம் முடியும். ஆனால் தலையைத் திருப்பும் குறி அங்கே எழுவதே இல்லை. பசி தீர்ந்ததைக் குழந்தையே கவனிக்கவில்லை. ஒரு ஃபீடை வைத்து இன்னொரு ஃபீடை இறக்கும் இந்த உத்திக்கு ஊட்டல் என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம் என்பது 2019-இல் உலக சுகாதார நிறுவனம் தந்த வழிகாட்டல்.

வாயை மூடிக்கொள்வதை அரசுகளே பொறுக்காத சந்தர்ப்பங்களும் வரலாற்றில் உண்டு. வாக்குரிமை கேட்டுச் சிறை சென்று 1909 முதல் உண்ணாவிரதம் இருந்த பிரிட்டிஷ் பெண்களுக்கு மூக்கு வழியாகவும் தொண்டை வழியாகவும் குழாய் செருகி உணவு புகட்டினார்கள். புகட்டுதல் என்ற சொல்லில் கட்டாயத்தின் சாயல் இருப்பது தற்செயல் அல்ல. தெளிந்த மனதோடு உணவை மறுக்கும் கைதிக்கு மருத்துவர் செயற்கையாக உணவு செலுத்தக் கூடாது என்று உலக மருத்துவச் சங்கம் 1975-இல் டோக்கியோவில் அறிவித்தது.

முதுமையின் கடைசிக் கட்டத்தில் இந்தக் கேள்வி சத்தமில்லாமல் வீட்டுக்குள் வருகிறது. முற்றிய மறதி நோயில் விழுங்குவதே மறந்துபோகும். கரண்டி உதட்டைத் தொட்டும் வாய் திறக்காது. திறந்தாலும் கவளம் கன்னத்தில் அப்படியே நிற்கும். வயிற்றில் துளையிட்டுக் குழாய் வைத்துவிடலாமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். குழாய் வைப்பதால் ஆயுள் கூடுவதாகவோ, உணவு மூச்சுக்குழலில் போவது குறைவதாகவோ சான்று இல்லை என்பதால், அதற்குப் பதில் பொறுமையாகக் கையால் ஊட்டுங்கள் என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014-இல் பரிந்துரைத்தது. ஒரு வேளைக்கு அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். எதிரே, அவர் கண் மட்டத்துக்கு உட்கார வேண்டும். ஒரு கவளம் இறங்கியதைப் பார்த்த பிறகே அடுத்தது. எத்தனை கரண்டி என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அவர் உதட்டை இறுக்கிக்கொண்டு முகத்தை மெல்ல அந்தப் பக்கம் திருப்பினால், கரண்டியைக் கீழே வைத்துவிடச் சொல்கிறார்கள்.